அரைவேகத்தில் ஓடிய விசிறி

ரிஸ்வானா, யாசின், போன வாரம் நான் திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போன கதை பத்திரிகையில் வந்ததும் நீங்கள் இருவரும் அதைச் சத்தம் போட்டுப் படித்தீர்கள். படித்து முடித்ததும் யாசின், "அத்தா, எல்லா வாரமும் நீங்க ஜெயிச்ச கதையாவே வருதே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எனக்கு அது இரண்டு நாள் மனதில் கிடந்தது.

அதனால் இந்த வாரம் நான் தப்பு செய்த கதை. ரிஸ்வானாவுக்குப் பாதி தெரியும். மீதியை நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் பாதை. அதன் முடிவில் ஒரு மல்பெரித் தோட்டம், தோட்டத்தின் ஓரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் நீளமான கொட்டகை. கொட்டகையின் சுவரில் நான் மாட்டிய ஒரு தகரப் பெட்டி. பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பவர் டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் 'சுர்' என்றது. தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

மேலே இரண்டு மின்விசிறிகளும் நின்றுபோகவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை. காய்ச்சல்காரனைப் போல முனகிக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் ரத்னம்மா மல்பெரித் தழைக்கட்டை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"பாய், இதுவும் டூப்ளிகேட்டா?" என்று கேட்டாள்.

நான் திரும்பவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். பதில் சொல்லாமல் இருக்க அது ஒரு வசதி.

முனிராஜின் சட்டை

அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கூத்து நடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்த கையோடு வண்டியை எடுத்திருந்தேன். கொட்டகை வாசலில் கால் நனைக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலை வைத்தேன். உள்ளேயிருந்து ரத்னம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"நில்லுங்க பாய். என்ன வாசனை அது?"

"அத்தர்மா. வெள்ளிக்கிழமை இல்லீங்களா."

"அல்லாகிட்ட போறப்ப போட்டுக்குங்க. என் புழுகிட்ட வர்றப்ப வேணாம்."

பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. பீடிப் புகை ஆகாது, கொசுவத்தி ஆகாது, பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் அந்தக் காற்றும் ஆகாது. நான் சால்டரிங் வைத்தால் எழும் புகையும் ஆகாது என்பதால் எந்த இணைப்பையும் உள்ளே பற்றவைக்க விடமாட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கை, கழுத்து, காதின் பின்பக்கம் எல்லாம் கழுவினேன். "சோப்பும் வேணாம், வெறுந் தண்ணி" என்று அங்கிருந்தே குரல் வந்தது. சட்டையில் வாசனை நிற்கிறது என்று தன் கணவன் முனிராஜின் சட்டையை எடுத்து வீசினாள்.

"போட்டுக்குங்க. பாக்கெட்ல பீடி இல்ல, நானே பாத்துட்டேன்."

முனிராஜ் என்னைவிட இரண்டு சுற்று ஒல்லி. கடைசி இரண்டு பொத்தானை மாட்ட முடியவில்லை. அந்தக் கோலத்தில்தான் விரலைச் சுட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் என்ன கேட்டாள்

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ரத்னம்மாவின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வெளியே தமிழ். அந்த மல்பெரித் தோட்டம் அவள் யோசனை. பயிற்சிக்குப் போய், நாற்று வாங்கி வந்து, ஒவ்வொரு குழியும் அவளே வெட்டி நட்டது. முனிராஜுக்கு அதில் முழு மனது இல்லை. அந்த ஊரில் எல்லோரும் தக்காளி போடுகிறவர்கள்.

அதற்கு முந்தைய வளர்ப்பில், வெயில் காலத்தில், புழுக்கள் சூடு தாங்காமல் சோர்ந்து விழுந்துவிட்டன. ஒரு கூடுகூடக் கிடைக்கவில்லை. முனிராஜ் அப்போதே சொல்லிவிட்டான்: இன்னொரு தடவை போனால் செடியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளிதான்.

அதன் பிறகுதான் அவள் என் ரிப்பேர் கடைக்கு வந்தாள்.

"மத்தியானத்துல நாங்க ரெண்டு பேரும் தழை வெட்டப் போயிடறோம் பாய். கொட்டாயில ஆளு இருக்காது. சூடு ஏறுனா தானா ஃபேன் ஓடணும், ஆறுனா தானா நிக்கணும். அப்படி ஒரு பொட்டி பண்ணித் தர முடியுங்களா?"

"அது என்ன பெரிய விஷயம்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் நான் எந்த வேலையையும் எடுத்ததில்லை.

அந்தப் பக்கம் மத்தியானக் கரண்டை நம்ப முடியாது. அவளிடம் சோலார் தகடும் பேட்டரியும் இருந்தன. தருமபுரியில் பழைய கார் சாமான் கடையில் இரண்டு ரேடியேட்டர் விசிறிகள் எடுத்தேன். காருக்குள் இஞ்சினை ஆற்றும் விசிறி பேட்டரியில் ஓடும், காற்றையும் நன்றாக இழுக்கும். எதிர்ச் சுவர் ஜன்னலில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, அதில் தண்ணீர் சொட்டும்படி குழாய் வைத்தோம். விசிறி உள்காற்றை வெளியே தள்ளினால், ஈரச் சாக்கு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

நடுவில் என் தகரப் பெட்டி. சூட்டை உணர மிளகு அளவில் ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு விசிறியை ஓட்டவும் நிறுத்தவும் டிரான்சிஸ்டர்.

கடையில் சோதித்துப் பார்த்தேன். சென்சார் அருகே சால்டரிங் அயனைக் கொண்டுபோனால் விசிறி 'விர்' என்று கிளம்பியது. ஈரத்துணியால் தொட்டால் பட்டென்று நின்றது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு நாலு தடவை காட்டினேன். ஐந்தாம் தடவை, "பாய், பால் பொங்குது" என்று ஓடிவிட்டார்.

நான் சொன்ன பொய்

பெட்டியை மாட்டிய மூன்றாம் நாள் ரத்னம்மா போன் செய்தாள். "ஃபேன் முனகி முனகி நின்னுபோச்சுங்க."

போய்ப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் எரிந்திருந்தது. ஏன் எரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் 'தெரியலம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மால் டூப்ளிகேட்டுங்க. இப்பல்லாம் ஒரிஜினலே வர்றதில்ல."

எங்கள் தொழிலில் உதிரிப் பாகத்துக்கு மால் என்று பெயர்; அது டூப்ளிகேட் என்பது ஒரு குடை. எந்த மழைக்கும் விரித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் தலையாட்டுவார், நாம் வேறொன்று மாட்டுவோம், கதை முடியும். நானும் புதிதாக ஒன்று மாட்டினேன். "இது நல்ல மால். இனி நீங்க இந்தப் பக்கமே பாக்க வேணாம்" என்றேன். அதையும் சொன்னேன்.

அவள் நம்பினாள். நம்பித் தோட்டத்துக்குப் போனாள்.

நான்கு நாள் கழித்து, அந்த வியாழக்கிழமை மத்தியானம், விசிறி மறுபடி முனக ஆரம்பித்தது. யாரும் இல்லை. அவள் தழைக்கட்டோடு திரும்பி வந்தபோது வெப்பமானி முப்பத்திரண்டைத் தாண்டியிருந்தது. மேற்குச் சுவர்ப் பக்கம் மேல் தட்டில் இருந்த புழுக்கள் தழையைத் தொடாமல் தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தன. அந்தத் தட்டு முழுவதையும் அள்ளிக் குழியில் போட்டு மூடினார்கள்.

மற்ற தட்டுகள் தப்பித்திருந்தன. நாலாவது தோலுரிப்பு முடிந்து, அசுரப் பசியில் தின்கிற நாட்கள் அவை. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கூடு கட்ட இன்னும் ஐந்து நாள். அந்த ஐந்து மத்தியானத்தைத் தாண்டினால் தோட்டம் தப்பும்.

மறுநாள், வெள்ளிக்கிழமைதான், நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முனிராஜும் வந்து சேர்ந்தான். என் மேல் தன் சட்டையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை டூப்ளிகேட்னு சொன்னீங்கன்னா பாய், அப்புறம் மாலைச் சொல்ல மாட்டாங்க, உங்களைச் சொல்லுவாங்க" என்றான்.

மீட்டரை எடுத்து டிரான்சிஸ்டரின் இரண்டு முனைக்கு நடுவே வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஆறு வோல்ட் அங்கேயே நின்றது. அதைக் கையில் எழுதிக்கொண்டேன். பிறகு பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விசிறிகளுக்கு நேராக ஒரு ஒயர் போட்டேன். விசிறிகள் முழு வேகத்தில் ஓடின.

"நாளைக்கு வரைக்கும் இப்படி ஓடட்டும்மா. ஆறுனா ஒயரைக் கழட்டணும், ஏறுனா மாட்டணும். ஆளு இருக்கணும்."

"நான் இருக்கறேன்" என்றாள் ரத்னம்மா. "தழை அவரு வெட்டட்டும். நீங்க நாளைக்கு வருவீங்களா, இல்ல போன்லயே வருவீங்களா?"

மூன்று இடங்கள்

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, ரிஸ்வானா, நீ பிளஸ் டூ புத்தகங்களைப் பின் தெருப் பெண்ணுக்குக் கொடுப்பதற்காகச் சணலில் கட்டிக்கொண்டிருந்தாய். இயற்பியல் புத்தகம் மேலே இருந்தது.

"அதுல டிரான்சிஸ்டர் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நீங்கதான் டிரான்சிஸ்டர்லயே குடும்பம் நடத்தறீங்களே, உங்களுக்கு எதுக்கு?"

நான் படித்தது பாலக்கோட்டில் பத்தாவது வரை. பிறகு தபாலில் ஒரு ரேடியோ பாடம். எல்லாம் ஆங்கிலம். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக் கற்றவன் நான். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று தெரியும். ஏன் போகிறது என்பது படத்தில் இல்லை.

நீ சணலை அவிழ்த்துப் பக்கத்தைத் திருப்பினாய். வளைகோடுகள் போட்ட ஒரு படம். அதில் மூன்று பகுதி.

"இது வெட்டுநிலை. பேஸ்ங்கற முனைல கரண்டே கொடுக்கலன்னா ஒண்ணும் ஓடாது. சுவிட்ச் ஆஃப் மாதிரி. இது தெவிட்டிய நிலை. பேஸ்ல போதும் போதும்ங்கற அளவுக்குக் கொடுத்துட்டா முழுசாத் திறந்துடும். சுவிட்ச் ஆன். நடுவுல இருக்கறது செயல்படும் பகுதி. கொஞ்சம் கொடுத்தா அதுக்கேத்த மாதிரி பல மடங்கு ஓடும்."

"நடுவுல நின்னா தப்பா?"

"தப்பில்லத்தா. ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் வேணும். சுவிட்சா வேலை செய்யணும்னாதான் அங்க நிக்கக் கூடாது."

நான் கையைக் காட்டினேன். "ஆறு வோல்ட் நிக்குது."

நீ என் உள்ளங்கையைப் பார்த்தாய். கட்டைவிரலையும் பார்த்தாய். "பன்னெண்டுல ஆறா? நட்டநடுவுல நிக்குது. அதான் சுடுது."

எனக்கு மண்டையில் ஒன்று திறந்தது. இருபது வருடமாக மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்சிஸ்டரை நடுவில் நிறுத்திவைக்கிறவன் நான்தான். மெல்லப் பேசினால் மெல்ல, கத்தினால் கத்தலாக வெளியே வருவது அந்த நடு இடத்தால்தான். அது சூடாகும் என்று தெரிந்துதான் முதுகில் பெரிய அலுமினியத் தகடு வைக்கிறோம். அதே டிரான்சிஸ்டர்தான் இதுவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

யாசினுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தக்காளி மண்டியின் கேட் மூடியிருந்தால் ஒருவரும் போக மாட்டார்கள், கேட்டுக்கு ஒரு சிரமமும் இல்லை. முழுக்கத் திறந்திருந்தால் தக்காளிப் பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகும், அப்போதும் சிரமம் இல்லை. பாதி திறந்திருந்தால்தான் மோதலும் உரசலும், கேட்டின் கீல் கழன்று வருவதும். என் டிரான்சிஸ்டர் பாதி திறந்த கேட்டாக மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. முழுசாக வேலை செய்தபோது அது சுடவே இல்லை. அரைகுறையாக நின்றபோதுதான் வெந்துபோனது.

ஒரு தம்ளர் பானைத் தண்ணீர்

ஆனால் கடையில் 'விர்' என்று கிளம்பியதே? அது ஏன் என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது.

சால்டரிங் அயன் நூற்றுக்கணக்கான டிகிரி. அதை அருகே கொண்டுபோனால் சென்சார் ஒரே பாய்ச்சலில் நடு இடத்தைத் தாண்டிவிடும். கொட்டகையில் சூடு அப்படியா ஏறுகிறது? ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணி வரை, கோழி குப்பையைக் கிளறுகிற வேகத்தில் ஏறுகிறது.

பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து, சென்சாரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே போட்டு, வாசல் வெயிலில் வைத்தேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு வோல்ட், பதினொன்று, ஒன்பது, எட்டு. ஆறுக்கு வந்ததும் அங்கேயே வெகுநேரம் குந்திக்கொண்டது.

கொட்டகையில் இதைவிட மோசம். விசிறி அரைவேகத்தில் ஓடும்போது அறை கொஞ்சம் ஆறும். ஆறுவதால் சூடு மேலே ஏறாது. ஏறாததால் விசிறி முழு வேகத்துக்குப் போகாது. ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டும் அதே இடத்தில் நின்றிருக்கின்றன. டிரான்சிஸ்டர் சாகும் வரை.

டூப்ளிகேட் மால் எதுவும் இல்லை. சோதித்த விதம்தான் தப்பு.

மருந்து சின்னதுதான். விசிறி பக்கத்து வெளிமுனையிலிருந்து சென்சார் பக்கத்து உள்முனைக்குக் கரண்ட் திரும்பி வரும்படி ஒரு ரெசிஸ்டர் போட்டேன். விசிறி லேசாகக் கிளம்ப ஆரம்பித்ததும், அந்தச் செய்தியில் ஒரு துளி திரும்பி வந்து 'இன்னும், இன்னும்' என்று தன்னையே தள்ளும். நடுவில் நிற்க இடம் கிடைக்காது. அது கூடவே ஒரு நன்மையும் செய்கிறது: இருபத்தெட்டில் ஓடத் தொடங்கினால் இருபத்தாறுக்கு வந்த பிறகுதான் நிற்கும். பேஸுக்குப் போகும் கரண்டையும் தாராளமாக்கினேன்.

மறுபடி ஒரு தம்ளர் பானைத் தண்ணீர். இந்தத் தடவை மீட்டர் பன்னிரண்டில் நின்றது, நின்றது, நின்றது. பிறகு ஒரே தாவலில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. நீ வாசற்படியில் நின்று கை தட்டினாய் ரிஸ்வானா. எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது. போடவில்லை.

தழை போட்டேன்

பத்து மணிக்குக் கொட்டகையில் இருந்தேன். அத்தர் இல்லை. சட்டை என்னுடையதே.

ரத்னம்மா விசிறியின் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒயரைக் கழற்றி மாட்டிக் கையெல்லாம் கரி. பெட்டியை மாட்டினேன். மூன்று பேரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபத்தாறு. இருபத்தாறரை. இருபத்தேழு.

"பஸ்ஸுக்குக்கூட இப்படி நின்னதில்ல" என்றான் முனிராஜ்.

இருபத்தெட்டு. 'விர்'. இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில். ஈரச் சாக்கு உள்பக்கமாக உப்பியது. அரை மணி கழித்து டிரான்சிஸ்டரின் மேல் சுட்ட விரலையே வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கையில் வைத்துக்கொள்ளலாம் போல.

அப்போதே கிளம்பியிருக்கலாம். கையை முனிராஜ் பிடித்துக் குலுக்கியும்விட்டான். ஆனால் மேற்குப் பக்கத்து மேல் தட்டு வெறுமையாக, சுண்ணாம்புத் தூள் போட்டு என் கண் எதிரில் இருந்தது.

"ரத்னம்மா, ஒண்ணு சொல்லணும். டூப்ளிகேட்னு சொன்னது பொய்ங்க. ஏன் எரிஞ்சுதுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மால் மேல போட்டுட்டேன். தப்பு என்னோட டெஸ்ட்டுல இருந்துச்சு."

அவள் கரி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாளே தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் தோட்டத்துக்குப் போயிருக்க மாட்டேன் பாய். இங்கயே உக்காந்திருப்பேன். அந்தத் தட்டும் இருந்திருக்கும்."

கிளம்புவதற்காகத் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

முனிராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரத்னம்மா ஒரு தழைக்கட்டைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

"சரி, சும்மா நிக்காதீங்க. கிழக்குத் தட்டுக்குத் தழை போடுங்க. அமுக்காம, மேலால பரப்புங்க. அதுங்க தலை மேல போட்டா எனக்குக் கோவம் வரும்."

தழை போட்டேன். வெள்ளை வெள்ளையாக விரல் நீளப் புழுக்கள் தழைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி மேலே ஏறின. இரண்டு தடவை திட்டு வாங்கினேன். மூன்றாவது தட்டில் வாங்கவில்லை.

அந்த ஐந்து மத்தியானமும் கடந்தன. ஒவ்வொரு நாளும் மாலையில் அவள் போன் செய்து, "இன்னிக்கு ஏழு தடவை ஓடுச்சு", "இன்னிக்கு ஒம்பது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். ஆறாம் நாளிலிருந்து போன் வரவில்லை; ஒரு வாரம் கழித்துப் போட்டோ வந்தது. வலைத்தட்டு முழுக்க மஞ்சள் வெளிச்சத்தில் கூடுகள். ஓரத்தில் முனிராஜின் கை, ஒரு கூட்டை எடுத்து, உள்ளே புழு குலுங்குகிறதா என்று காதோரம் ஆட்டிப் பார்க்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனேன். மல்பெரிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னும் நாலு வரிசை நட்டிருக்கிறார்கள். குழி வெட்டிக்கொண்டிருந்தது முனிராஜ்.

அதே பெட்டியை வேறு இரண்டு கொட்டகைகளுக்கும் கொடுத்திருந்தேன். அவர்கள் கூப்பிடும் முன்பே நானே போய் ரெசிஸ்டர் போட்டு வந்தேன். ஒருவர் கேட்டார், "நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க?" எதுக்கு என்று முழுக்கச் சொன்னேன். டீ கொடுத்தார்.

அந்த வேலை முடிந்த மறுநாள் காலை கடையைச் சீக்கிரம் திறந்தேன். தெருவில் ஆள் இல்லை, டீக்கடையில் இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கல்லாவுக்கு மேலே கண்ணாடியில், கடை ஆரம்பித்த நாளில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று உண்டு: 'ரிப்பேர் செய்த பொருளுக்கு கேரண்டி கிடையாது.' பிளேடை எடுத்து ஒரு மூலையிலிருந்து சுரண்டினேன். பசை காய்ந்து கல்லாகியிருந்தது. மண்ணெண்ணெய்யைத் துணியில் நனைத்து ஊறவைத்து, எழுத்து எழுத்தாக எடுக்க வேண்டியிருந்தது. கடைசி எழுத்தும் போன பிறகு கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு, ஷட்டரை முழுதாக ஏற்றினேன்.